வாளிக்குள் கலந்தது

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போஞ்சி விதை நட மண்ணைக் கொத்தி வைத்திருந்தேன். பழைய தேயிலை மண், புளிப்பு ஏறிப்போனது. சுண்ணாம்பு போடாமல் அதில் எதுவும் பிடிக்காது. கோயிலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு வீட்டில் இருந்தது. அமோனியா உரமும் கொஞ்சம் இருந்தது.

“ரெண்டையும் ஒண்ணா போடாதீங்கப்பா. சுண்ணாம்ப போட்டுட்டு ஒரு மாசம் விடணும்,” என்றாள் மகள்.

“நீ பொறக்குறதுக்கு முன்னாடியே தேயிலை மலைக்கு உரம் போட்டவன் நான்,” என்று எரிந்து விழுந்தேன். தோட்டத்தில் உரம் கலந்தே மூட்டையில் வரும், வீசுவது மட்டும்தான் எங்கள் வேலை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவள் குடத்தோடு மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். வெளியே தூறல். அதனால் குசினிக்குள்ளேயே, அடுப்புப் பக்கத்தில், வாளியில் இரண்டையும் கொட்டி, தண்ணீர் தெளித்துக் கிளறினேன். குப்பென்று நெடி ஏறியது. கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. அடுத்த அறையில் மகளின் மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

வாளியை அப்படியே போட்டுவிட்டு, கண் தெரியாமல் சுவரைத் தடவிப் போய்க் குழந்தையைத் தூக்கினேன். அது அசையவில்லை. வாசலுக்கு ஓடிவந்தும் அழவில்லை. மகள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் கை பட்ட பிறகுதான் வீறிட்டு அழுதது.

நான் வாளியை எடுத்தால் இன்றும் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். நான் அதைக் குளிக்க எடுத்தாலும்.