கருங்காலி என்று கூவிய நாள்

வேலைநிறுத்தம் வரப்போகிறது என்பதை, குசினியில் கோதுமை மா காய்ச்சும் வாசனைதான் எனக்கு முதலில் சொல்லும். சங்கத்தின் சுவரொட்டிகளுக்கு அம்மா பசை காய்ச்ச, அது ஆறுமுன்னமே நானும் தங்கையும் விரலால் வழித்து நக்குவோம்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். கம்பி வடம் அறுந்து வலக்கையில் மூன்று விரல்கள் போனபோது அவரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்த மேலதிகாரிகளோடு சங்கத்தார் மல்லுக்கட்டி, களஞ்சியத்தில் இலகுவான வேலை வாங்கிக் கொடுத்தார்கள். அன்று முன்னுக்கு நின்றவர் பக்கத்து வீட்டுக் குணம் மாமா. "சங்கம் இல்லாட்டி நாங்கள் நடுத்தெருவிலைதான்" என்று அப்பா சொல்லாத நாளில்லை.

யுத்தம் மூண்ட பிறகு வந்த வேலைநிறுத்தத்தின் ஐந்தாம் நாள், குணம் மாமா மட்டும் வேலைக்குப் போனார். பெரியவர்களின் வாயில் கேட்ட "கருங்காலி" என்ற சொல்லை, மாலையில் அவர் சைக்கிளில் திரும்பி வந்தபோது, ஒழுங்கையில் நின்று நானும் கூவினேன். அவர் இறங்கி என்னைப் பார்த்தார், பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். வாசலில் நின்ற அப்பாவும் என்னை அதட்டவில்லை.

சங்கம் வென்றது. அதன் பிறகே விஷயம் தெரியவந்தது: மாமாவின் மூத்த மகன் கொழும்பில் படையினரின் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடிபட்டுத் தடுப்பில் இருந்திருக்கிறான், வேலைக்கு வந்தால் அவனை விடச் சொல்லிக் கடிதம் தருவதாக மேலதிகாரி ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்.

"எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, குணம்?"

"சொல்லியிருந்தா வேலைக்குப் போக விட்டிருப்பீங்களோ, அண்ணை?"

மாமி எனக்குத் தேத்தண்ணி தந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் அப்பா என்னைக் கூட்டி வந்திருக்கிறார் என்று தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை. மகன் விடுதலையான கையோடு அவர்கள் வவுனியாவுக்குப் போய்விட்டார்கள்.

சங்கக் கந்தோர் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. அப்பாவும் இல்லை. அந்த வேலைநிறுத்தம் சரியானதுதான் என்று கடைசிவரை சொன்னவர், குணம் மாமாவின் பெயர் அடிபட்டால் மட்டும் எழுந்து போய்விடுவார். மாமா இறந்து பல வருடங்களாகிவிட்டன என்று, வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் போன மாதம் சொன்னார். மாமாவின் விலாசம் நெடுங்காலம் என்னிடம் இருந்தது; ஒரு கடிதமும் நான் போடவில்லை.