கேட்டால் கொடுத்துவிடுகிறவர்

எங்கள் பக்கத்து வீட்டுப் பியதிலக்க தபால்காரராக இருந்தவர். அடையாள அட்டையைக் காட்டாவிட்டால் சொந்த மச்சானுக்கும் பதிவுத் தபாலைத் தரமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன், ஓய்வுபெற்ற பிறகு யார் எதைக் கேட்டாலும் கொடுக்கத் தொடங்கினார். குடை போனது, சைக்கிள் போனது. ஊர் அவரைப் புண்ணியவான் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் மனைவி சீலவதிக்குத்தான் பயம். கண்டிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். மூளையின் முன்பகுதி சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். யாருக்கு எதைக் கொடுக்கலாம், எது விளையாட்டுப் பேச்சு என்றெல்லாம் எடைபோடுவது அந்த இடம்தானாம். ஊரில் சொன்னால், "தானம் குடுக்கிறதும் ஒரு நோயா அக்கா?" என்று சிரித்தார்கள்.

பொசொன் பௌர்ணமியன்று அனுராதபுரம் போகிற சாலையில் எங்கள் தன்சல், இலவச அன்னதானப் பந்தல். பஸ்களை மறித்து, எல்லோருக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பியதிலக்கவின் ஒரு கையில் தட்டு, இடுப்பில் மூன்று வயதுப் பேத்தி ஒசதி. ஜன்னலோரம் இருந்த பெண் ஒருத்தி பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "கிழங்கு வேணாம் மாமா, இவள எனக்குத் தந்திருங்க" என்றாள். குழந்தையைக் கண்டால் எவரும் சொல்கிற பேச்சு. அவர் பிள்ளையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிட்டார். பின்னால் நின்ற பஸ்கள் ஹாரன் அடித்தன. அந்த பஸ் கிளம்பிப் போயே விட்டது.

சீலவதி கையிலிருந்த அகப்பையோடு அதன் பின்னால் ஓடினாள். நான் ஓர் ஆட்டோவை மறித்து அவளை ஏற்றிக்கொண்டு போனேன். அடுத்த சந்தியில் அந்தப் பெண்ணே பஸ்ஸை நிறுத்தி இறங்கி, பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றாள். "பகிடிக்குத்தான் சொன்னேன் அம்மா. சத்தியமாப் பகிடிக்கு."

திரும்பி வந்தால், பியதிலக்க அடுத்த பஸ்ஸுக்குக் கிழங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"புள்ளய ஏன் குடுத்தீங்க?" என்றாள் சீலவதி.

"கேட்டாங்களே."

மகள் துஷாரி அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டாள். அன்றிரவு அவர்கள் வீட்டில் சீலவதியோடு நான் துணைக்கு இருந்தேன். புருஷனுக்குச் சோறு போட்டவள், அவர் முகத்தையே பார்த்தபடி கேட்டாள்.

"நாளைக்கு யாராவது வந்து என்னையக் கேட்டா?"

அவர் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தார். உள்ளே போய் அவளுடைய செருப்பை எடுத்து வந்து வாசலில் வைத்தார்.

"வந்துட்டாங்களா?" என்றார்.