தெப்பக்குளத்துப் படகுக்கு ஒரு பம்ப்

பம்ப் விற்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் தந்த சரக்கு பெரும்பாலும் பூமிக்குள் இறங்கிவிடுவதால், நாம் செய்த தப்பும் கூடவே இறங்கிவிடும். காஞ்சிபுரத்தில் இருபது வருஷமாக இந்த வசதியில்தான் கடை நடத்தினேன். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவர்களே, இதைப் படித்துவிட்டு என்னை ரொம்பக் கேவலமாக நினைக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு படகு வரலாம்.

எத்தனை அடி?

கடையில் கூட்டம். ஐயம்பேட்டைப் பக்கமிருந்து குமரேசன் என்றொரு நெசவாளி வந்து, “தண்ணி எறைக்க ஒரு பம்ப் வேணும்மா” என்றார். கையில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் பை. நான் நிமிராமலே கேட்டேன்: “எத்தனை அடி?”

“ஒரு சாண்” என்றார்.

சிரித்துவிட்டேன். கடையில் இருந்தவர்களும் சிரிக்கட்டும் என்று, “ஒரு சாணுக்கு எதுக்குங்க பம்ப், சொம்பு போதுமே” என்று வேறு சொன்னேன். அவர் பையைப் பிரித்து, கருகிப்போன ஒரு சின்ன பம்ப்பை எடுத்து வைத்தார். அவர் ஊர்க் கோயில் குளத்தில், தெப்பத்துக்கு முன்னால் மேளக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் பழைய தேக்குப் படகு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பலகை இடுக்குகளில் கசிகிற தண்ணீர் அடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்றுகிற பம்ப்தான் அது. தெப்பத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. “ஒரு சாண் வரைக்கும் தாங்கும்மா. அதுக்கு மேல ஏறுனா படகு கீழ போயிடும், நாங்க மேல போயிடுவோம்” என்றார்.

அரை குதிரைத்திறன்

சிரித்த பாவத்துக்குப் பரிகாரமாக, கடையிலேயே நல்லதாக ஒரு அரை எச்.பி. மோட்டாரை எடுத்து வைத்தேன். “ரெண்டே நிமிஷத்துல படகு காய்ஞ்சிடும்” என்றேன். படகு எதையும் நான் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் குரலில் ஒரு குறையும் இல்லை.

“கரண்டுக்கு ஒயரைக் கரையிலேர்ந்து இழுத்துக்கினு போவணுமாம்மா?” என்று குமரேசன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஆமா, நீளமா ஒரு ஒயர் போட்டுக்குங்க” என்றேன். ஈரக்காலோடு ஆட்கள், பழைய மரம், குளத்துக்குள் வீட்டுக் கரண்ட்! பின்னால் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த எங்கள் மெக்கானிக் சாதிக் எழுந்து வந்து மோட்டாரைத் தூக்கி அலமாரியிலேயே வைத்தான். அவர் காதில் விழாமல் என்னிடம் சொன்னான்: “அக்கா, தவிலுக்கு மீனெல்லாம் சேர்ந்து ஆடும்.”

பலகை

சரி, பேட்டரியில் ஓடுவதுதான் வேண்டும். சென்னையிலிருந்து வரவழைத்தோம். இருந்த இரண்டு அளவில் நான் பெரியதைத்தான் தேர்ந்தெடுத்தேன். பெரியது என்றால் பயமில்லை அல்லவா? அதை எடுத்துக்கொண்டு நானே குளத்துக்குப் போனேன். எண்ணெய் பூசிய அந்தப் படகு பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பம்ப்போ தரைப்பலகைக்கு அடியில் நுழையவே இல்லை. நான்கு விரல் உயரம் அதிகம்.

“இந்தப் பலகையைக் கொஞ்சம் அறுத்துட்டா உள்ள போயிடும்” என்றேன். குமரேசன் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “அம்மா, பீரோ வாசல்ல நுழையலன்னா நீங்க வீட்டையா இடிப்பீங்க?” என்றார்.

எந்தப் பக்கம்

பெரியதைத் திருப்பி அனுப்பிச் சின்னதை வரவழைத்தோம், அது சரியாகப் பொருந்தியது. தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடி, வற்றினால் தானாக நிற்கும். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பழைய பம்ப்பின் குழாய் படகின் விளிம்புக்கு மேலாக ஏறி வெளியே தொங்கியது. அழகைக் கெடுக்கிறது என்றேன். கரையேற்றிச் சாய்க்கும்போது தண்ணீர் வடிக்க, பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மரக்கட்டையால் அடைத்த ஓட்டை ஒன்று இருந்தது. கட்டையைப் பிடுங்கிவிட்டுக் குழாயை அதில் மாட்டச் சொன்னேன். நானும் குமரேசனும் மட்டும் ஏறி ஒரு சுற்று வந்தோம். அருமையாக வேலை செய்தது.

தெப்பத்தன்று சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, என் நாத்தனார் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு கரையில் நின்றேன். “அந்தப் படகுக்கு பம்ப் நம்ம கடைதான்” என்று சொல்லியும் விட்டேன். நாதஸ்வரம் இரண்டு பேர், தவில் இரண்டு பேர், தாளம் ஒருவர் ஏறினார்கள். அந்தப் பாரத்தில் படகு தாழ்ந்தது. ஓட்டை தண்ணீருக்குக் கீழே போனது. பம்ப் ஓடும்போது தண்ணீர் வெளியே வந்தது. நின்றதும் அதே குழாய் வழியாகக் குளமே உள்ளே வந்தது. மறுபடி ஓடியது, மறுபடி வந்தது. பாதிக் குளம் தாண்டுவதற்குள் பேட்டரி படுத்துவிட்டது.

நாதஸ்வரம் நின்றது. தவில்காரர்கள் தவிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள். குமரேசன் வாளியால் வாரி வாரி இறைத்தார். கரையில் இருந்தவர்கள் படகில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களோடு இழுத்தேன். ஒருவரும் விழவில்லை, அந்த மட்டில் தெய்வம் காப்பாற்றியது. முழங்கால் வரை நனைந்து இறங்கிய பெரிய தவில்காரர், நான்தான் பம்ப் கொடுத்தவள் என்று தெரிந்ததும் நிதானமாகச் சொன்னார்: “பம்ப் நல்லாதாம்மா வேலை செய்யுது. எந்தப் பக்கம்னு மட்டும் அதுக்குச் சொல்லிக் குடுத்துடு.”

பக்தி

மறுநாள் காலை குமரேசன் வீட்டு வாசலில் போய் நின்றேன். தறியிலிருந்து எழுந்து வந்தார். பாதி ராத்திரி சொல்லிப் பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வாயில் வரவே இல்லை. “நான்... அந்தக் குழாய்...” என்றேன். “நானும்தானே சரின்னேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டார். ஓட்டையை மறுபடி அடைத்தோம். குழாயைப் பழையபடி விளிம்புக்கு மேலே ஏற்றிக் கட்டினோம். அன்று இரண்டாம் நாள் தெப்பம். “நீங்களும் ஏறுங்கம்மா, அப்பதான் மேளக்காரங்க நம்பி ஏறுவாங்க” என்றார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுப்பது? ஏறினேன்.

மூன்று சுற்று. பின்னால் தெப்பத்தில் சுவாமி, சுற்றிலும் விளக்கு, காதுக்குப் பக்கத்தில் தவில். நான் எதையும் பார்க்கவில்லை. பலகை இடுக்கில் தெரிந்த அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறவில்லை. கரை ஓரமாகப் படகு போனபோது யாரோ ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: “பாருடி, என்னா பக்தி! குனிஞ்ச தலை நிமிரவே இல்ல.”

இப்போதெல்லாம் யார் வந்து பம்ப் கேட்டாலும், அதில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். மொட்டைமாடித் தொட்டிக்கு வாங்க வருகிறவர்கள்தான் கொஞ்சம் பயப்படுகிறார்கள்.