கடைசியாக ஓடி வருகிறவளுக்குக் கைதட்டல்

இந்த நோர்வே நாட்டில் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகிவிட்டால் பள்ளிக்கூடம் பெற்றோருடன் பேசுவதை நிறுத்திக்கொள்ளும். அதுவரை காலுறை தொலைந்ததற்குக்கூடத் தகவல் அனுப்பி உயிரை வாங்குகிறவர்களுக்கு, பிறந்தநாளுக்கு மறுநாளிலிருந்து நாங்கள் யாரோ எவரோ. அதனால் என் மகளுடைய உடற்பயிற்சிப் பாடத்தைப் பற்றிய எச்சரிக்கை எங்களுக்கு வரவில்லை, அவளுக்கே வந்தது. அதைச் சில நாட்கள் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு வித்னெமோல் கிடைக்காமல் போனாலும் போகும்."

வித்னெமோல் என்பது மேல்நிலைப் பள்ளியை முடித்ததற்கான சான்றிதழ். அது கையில் இல்லாவிட்டால் எந்தப் பல்கலைக்கழகமும் ஏறெடுத்தும் பார்க்காது. அவள் கடைசி வருடத்தில் இருந்தாள். பல் வைத்தியம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நாங்கள் திணித்தது என்று ஊரில் கதை உண்டு, அது பொய். பல் முளைக்காத குழந்தைகளின் வாயைக்கூடத் திறந்து பார்க்கிற பிள்ளை அவள்.

"என்ன, இரசாயனம் பிழைச்சுப்போச்சோ?"

"இல்லை. யிம்."

உடற்பயிற்சிப் பாடத்தைத்தான் இங்கே பிள்ளைகள் அப்படிச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பிறகு ஆறுதலாக விளக்கினாள். கணக்கு எப்படியோ அப்படித்தான் இதுவும். புள்ளி வந்தே ஆகவேண்டும். இவள் அடிக்கடி போகாமல் விட்டுவிட்டாள். எதைப் பார்த்துப் புள்ளி போடுவது என்று ஆசிரியை கேட்கிறாள். அந்த ஒரு இடம் வெறுமையாக இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் ஆறுக்கு ஆறு எடுத்திருந்தாலும் சான்றிதழ் இல்லை. மாவைத் தொட்ட கையோடு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஓட்டம் என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம், கதவை மூடிய பிறகு பேருந்துக்குப் பின்னால் ஓடி வருகிற சனம்தான். வேலை முடிந்து வந்தவரிடம் விசயத்தைச் சொன்னேன். மனிதர் கொதித்துப்போனார்.

"பல்லுப் புடுங்கிறதுக்கு ஏன் ஓடோணும்? நோயாளி எழும்பி ஓடினால் கலைச்சுப் பிடிக்கவோ?"

"ஏன் போகாமல் விட்டவள் எண்டதை முதல் கேளுங்கோ," என்றேன்.

கேட்டார். சும்மாதான் என்றாள். தலையிடி என்றாள். வயிற்றுக்குத்து என்றாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சிப் பாடவேளை வந்தால் கணக்கு வாத்தியார் வந்து அதைத் தனக்கு எடுத்துக்கொள்வாராம். ஒருவரும் குறை சொன்னதில்லையாம். ஓடத் தெரிந்தவன் ஓடுவான், மற்றவன் நின்று கைதட்டுவான், இதில் படிக்க என்ன இருக்கிறது என்பது அவருடைய கட்சி. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது அதில் பெரிய பிழை தெரியவில்லை.

ஆசிரியையைச் சந்திக்க வேண்டும் என்றோம். அதற்கும் மகளின் சம்மதம் வேண்டுமாம். "வாங்கோ. ஆனால் அப்பா கத்தக் கூடாது," என்று அனுமதி தந்தாள்.

அன்றைக்கு அவர் கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டார். எங்கள் ஹவுகெட்டோ நிலையத்தில் ரயில் ஏறும்போதுதான் அவருடைய கக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்றைக் கண்டேன். என்ன என்று கேட்டேன். "அங்கை வந்து பாரும்," என்றார்.

கோடை காலத்தில் இங்கே எங்கள் ஆட்கள் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். மைதானத்தில் கொடி ஏறும், ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார், ரோல்ஸ் விற்கிற மேசையைச் சுற்றித்தான் அதிகம் கூட்டம் நிற்கும். முதல் மூன்று இடத்துக்குச் சான்றிதழ். மற்றப் பிள்ளைகள் நிழலுக்குப் போய்ச் சோடா குடிக்கும். என் மகள் சின்ன வயதில் அங்கே சிலதை வென்றிருக்கிறாள். தேசிக்காய் கரண்டி ஓட்டத்தில் இரண்டாம் இடம், சாக்கோட்டத்தில் மூன்றாம் இடம், பலூன் உடைத்தலில் முதலிடம். அத்தனை சான்றிதழையும் அவர் அந்தக் கோப்பில் பத்திரப்படுத்தி, வருட வாரியாக அடுக்கி, அந்த ஆசிரியையின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

எங்கள் நாட்டில் இது விசர்த்தனம் இல்லை. அங்கே விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் கல்லூரிக்கும் வேலைக்கும் கொஞ்சம் புள்ளி கூடும். அதை நம்பித்தான் மனிதர் வந்திருந்தார். மகள் மேசைக்குக் கீழே போய்விடலாமா என்பது போல் இருந்தாள்.

ஆசிரியை இளம்பெண். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள். தமிழ் எழுத்தை விரலால் தடவி, இது என்ன போட்டி என்று கேட்டாள். இவர் நோர்வேஜிய மொழியில் விளக்கிப் பார்த்தார், வாய்க்கவில்லை. மேசையில் கிடந்த பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுந்து, கைகளைப் பின்னால் கட்டி, அந்தச் சின்ன அறைக்குள் கதவுவரை நடந்து காட்டினார். பேனா நுனியில் தேசிக்காய் இல்லாததுதான் குறை. ஆசிரியை சிரித்தாள், இவரும் சிரித்தார், நான் தலையில் கையை வைத்தேன்.

பிறகு அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். இதெல்லாம் நல்ல விசயம், ஆனால் இந்த வருடம் இந்த வகுப்பில் உங்கள் மகள் செய்வதைத்தான் நான் பார்க்க வேண்டும் என்றாள். வேகத்துக்கு மட்டும் நான் புள்ளி போடுவதில்லை, முயற்சியையும் மற்றவர்களோடு சேர்ந்து நிற்பதையும் பார்க்கிறேன், கடைசியாக ஓடி வந்தாலும் புள்ளி உண்டு, வராவிட்டால்தான் இல்லை என்றாள். அப்படியே மகளின் பக்கம் திரும்பி, ஏன் நீ வருவதில்லை என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

மகள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கள் கைதட்டுகிறீர்கள். அதனால்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"நான் எப்பவும் கடைசியாத்தான் வருவன் அம்மா. எல்லாரும் ஓடி முடிச்சுத் தண்ணியும் குடிச்சிட்டு நிண்டு பாத்துக்கொண்டு நிப்பினம். என்னைக் கண்ட உடனை எல்லாரும் சேந்து கைதட்டுவினம். பேரைச் சொல்லிக் கூப்பிடுவினம். நக்கலுக்கு இல்லை, உண்மையா அன்பாத்தான் செய்யிறவை. அதுதான் தாங்கேலாது."

பிறகு அதையே ஆசிரியைக்கும் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. கைதட்டலைத் தொடக்கி வைத்ததே தான்தான் என்றாள். உனக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன் என்றும் சொன்னாள்.

எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் பாலர் பாடசாலையில் வேலை செய்கிறவள். ஒரு குழந்தை சப்பாத்தைத் தானே போட்டுக்கொண்டாலும் நாங்கள் எல்லோரும் கைதட்டுவோம். இந்த நாட்டின் நல்ல குணம் அது. பின்தங்கி வருகிறவனை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். ஆனால் என் மகள் வளர்ந்த வீட்டில் வென்றவனுக்குத்தான் கைதட்டல். தோற்றவனை ஒருவரும் பார்க்காமல் விடுவதுதான் எங்கள் மரியாதை. இந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளை அகப்பட்டுக்கொண்டது.

முடிவில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. மே மாதம்வரை இவள் ஒரு வகுப்பும் விடக்கூடாது. ஓடி முடித்தவர்கள் நின்று பார்க்காமல் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். புள்ளி எத்தனை என்று இப்போதே சொல்ல முடியாது என்றாள் ஆசிரியை. அது நியாயம்தான்.

ரயிலில் திரும்பும்போது இவருக்கு இன்னும் ஆறவில்லை. "கைதட்டினால் சந்தோசமெல்லோ? இதுக்கு ஆரும் ஓடி ஒளிப்பினமோ?" என்று என் காதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அந்தக் கிழமையே பிள்ளையைப் பயிற்றுவிக்கிறேன் என்று புறப்பட்டார். வீட்டிலிருந்து இறங்கினால் ஆற்றோரமாக ஒரு பாதை போகிறது. வேலைக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்தோடு மகளுக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்கினாராம். சாரதி இருக்கையில் இத்தனை வருடம் வளர்த்த வயிறு. முதல் வளைவிலேயே மகள் கண்ணுக்கு மறைந்துவிட்டாள். இவர் மூச்சு இரைக்க இரைக்கப் பின்னால் போயிருக்கிறார். எதிரே நடைக்கோல்களை ஊன்றி வந்த ஒரு வயதான நோர்வேஜியப் பெண் நின்று, கோல்களைக் கக்கத்தில் இடுக்கி, கையுறையோடு கைதட்டி, "நன்றாக ஓடுகிறாய், விட்டுவிடாதே" என்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் என்ன பச்சைப்பிள்ளையோ? ஆரைப் பாத்துக் கைதட்டுறா அவ? நான் கேட்டனானோ?"

மகள் வாசலில் சப்பாத்துகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். இவர் ஏதோ திட்ட வாயெடுத்தவர், அவளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"உனக்கு ஒவ்வொரு கிழமையும் இப்பிடியோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

 அவர் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். அவிழ்க்க நெடுநேரம் எடுத்தது. நான் தேத்தண்ணீர் ஊற்றப் போனேன்.

மகள் வகுப்புகளுக்குப் போனாள். மழையில் போனாள், முழங்கால்வரை சேற்றோடு வந்தாள், வந்து என் ரொட்டிகளை ஒரு கை பார்த்தாள். பந்து விளையாட்டில் ஒருத்தி தனக்குப் பந்து தந்ததாகவும் தான் அதைத் திருப்பிக் கொடுத்ததாகவும் ஒருநாள் பெரிய செய்தியாகச் சொன்னாள். எல்லா நாளும் அப்படி இல்லை. நீண்ட ஓட்டம் இருந்த நாளின் காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். தலையிடி என்றாள். இதை விட்டால் எல்லாம் போச்சு என்று நான் ஏசத் தொடங்கினேன். இவர் என்னை விலக்கிவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தார். அன்றைக்கு அவருக்குப் பின்னேர வேலை.

"பிள்ளை, நான் வேணுமெண்டால் வாறன். உனக்குப் பின்னாலை ஓடுறன். பிறகு நீ கடைசி இல்லை."

 "அந்தக் கறுப்புச் சப்பாத்தோடையோ?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டது குரல். எழும்பிப் போனாள். ஓடினாள். கடைசியாகத்தான் வந்தாளாம். வந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஜூன் மாதம் சான்றிதழ் கையில் வந்தது. எங்கள் வீட்டு மேசையில் வைத்து இவர் விரலை ஓட்டி வாசித்தார். கணக்கு ஆறு. இரசாயனம் ஆறு. நோர்வேஜியம் ஐந்து. ஆங்கிலம் ஐந்து. விரல் கீழே இறங்கி உடற்பயிற்சியில் நின்றது. மூன்று.

நான்குக்குக் கீழே அவர் வாழ்க்கையில் எந்தப் புள்ளியையும் சும்மா விட்டதில்லை. பல் வைத்தியத்துக்கு எல்லாப் புள்ளிகளின் சராசரியைத்தான் பார்ப்பார்கள், அதிலும் தசமத் தானத்தில் அடிபாடு என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இந்த மூன்று அவளை வெளியே தள்ளினாலும் தள்ளும். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பா, அது..." என்று தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். இன்றைக்கு இந்த மனிதர் ஒரு சொல் பிழையாகச் சொன்னால் பிறகு நான் மன்னிக்கமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் விரலை எடுக்கவில்லை.

"மற்றதெல்லாம் கதிரையிலை இருந்து எடுத்தது," என்றார். "இது ஒண்டுதான் என்ரை பிள்ளை ஓடி எடுத்தது."