போலந்து அம்மாவுக்கு ஒரு வார்த்தை

சொன்னால் சிரிப்பீர்கள். அறுபத்தெட்டு வயதில் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. அதுவும் போலந்தில் இருக்கிற ஓர் அம்மா மேல்!

என் வீட்டுக்காரர் பாபநாசத்தில் ரைஸ் மில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, போனில் எஸ்பெராண்டோ என்று ஒரு மொழி படிக்க ஆரம்பித்தார். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மொழியாம். இப்போது வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணியானால், தலை சீவிக்கொண்டு, அதே மொழி பேசுகிற அந்தப் போலந்து அம்மாவோடு வீடியோ காலில் உட்கார்ந்துவிடுகிறார். என்னோடு கடைத்தெருவுக்கு வர லுங்கி போதும். அந்த அம்மாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை!

போன வாரம் காதில் விழுந்தது — "சமிதேயானினோ!" வாய் நிறையக் கூப்பிட்டார்.

"அப்படின்னா என்னங்க?"

"ஒட்டுப் போட்ட வார்த்தை. 'சம்'னா ஒரே. 'இதே'ன்னா ஐடியா. 'ஆன்'னா அதைச் சேர்ந்தவங்க. 'இன்' வந்தா பொம்பளை. ஒரே எண்ணம் உள்ளவங்கன்னு அர்த்தம்."

"எதுக்கு இத்தனை ஒட்டு?"

"இந்த மொழிய மொதல்ல படிச்சவங்க ஊருக்கு ஒருத்தரா சிதறிக் கெடந்தாங்க. மொகமே தெரியாத ஆளுக்குக் கடுதாசி எழுதணும். எப்படிக் கூப்பிடறது? அதுக்குத்தான்."

முகம் தெரியாதவர்களுக்கே யோசித்து ஒரு வார்த்தை செய்திருக்கிறார்கள். எனக்கு? நாற்பத்தாறு வருஷமாக 'இந்தா'! பெரியவர்கள் முன்னால் பெண்டாட்டி பேரைச் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மாமனார் மாமியார் காலமாகியும் இவருக்கு அந்தக் கூச்சம் போகவில்லை.

"என்னையும் அப்படிக் கூப்பிடுங்களேன்..." கேட்டே விட்டேன். படிப்புதான் ஐந்தாவதோடு நின்றது. ஆசை நிற்குமா?

"ஒரே எண்ணமா... நமக்கா? நான் பொன்னி நடலாம்னா நீ சீரகச் சம்பாம்ப. நான் கெழக்குன்னா நீ மேற்கு!" சிரித்தார்.

நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிந்தது.

இந்த வியாழன் காபி கொண்டுபோனேன். திரையில் அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். கையசைத்து ஏதோ கேட்டார். இவர் விழித்தார்.

"என்ன கேக்கறாங்க?"

"உம் பேரு..."

"சொல்லுங்க." நான் நகரவில்லை.

காபி டம்ளரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். சொன்னார்! அந்த அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை. பிரித்துப் பிரித்து மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். காது வரை சிவந்திருந்தது... அவருக்கா, எனக்கா?

இத்தனை வருஷம் இந்தப் பத்திரிகையில் புனைபெயரிலேயே எழுதி உங்களோடு பேசிவிட்டேன். அந்தப் பேரை இங்கே எழுதலாம்தான். ஆனால் கொஞ்ச நாள் அவர் வாயிலேயே இருக்கட்டுமே — போலந்து அம்மாவுக்குக் கொடுத்ததே அதிகம்!