பாலாடை வெளியே, பழைய புத்தகம் உள்ளே

மகள் பிறந்தபோது பாதியில் விட்ட ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று ஏழு மாதமாகக் குழப்பம். என் தலைப்பு குழந்தை வைத்தியம் பற்றிய பழைய தமிழ் அச்சு நூல்கள். அதில் முக்கியமான ஒன்று ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு முடிவெடு என்றார் வழிகாட்டிப் பேராசிரியை. கணவர் தொழிற்சாலைக்கு லீவு போட, போன புதன்கிழமை மூவரும் கிளம்பினோம்.

கஞ்சிக்கோட்டிலிருந்து காலை ஆறரைக்கு பஸ், ஆளுக்கு இருபது ரூபாய். பாலக்காடு ஜங்ஷனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், டிக்கெட் நாற்பத்தைந்து. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ நூற்றிருபது. கைக்குழந்தையை உள்ளே விடமாட்டார்கள் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். என் பயமெல்லாம் அதுதான். மகள் தாய்ப்பாலைத் தவிர எதையும் தொடமாட்டாள். பாலைப் பிழிந்து வைத்துக் கணவர் பாலாடைக் கிண்ணத்தில் கொடுக்க, ஒரு வாரமாகத் துப்பிக்கொண்டே இருந்தாள்.

நூலக வாசல் மாமரத்தடியில் மகளுக்குப் பசியாற்றினேன். ரயிலில் அத்தனை பேர் கொஞ்சியிருந்தார்களே என்று கன்னத்தில் புதிதாக ஒரு பொட்டு மையும் வைத்தேன். கால் நகரவில்லை. "ஏனுங்க, அழுதா உடனே கூப்புடுங்க" என்றேன்.

"நீ போ அம்மிணி. இவ அழுதா போன் எதுக்கு, ஊருக்கே கேக்கும்" என்றார் கணவர்.

பை, பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். பென்சிலுக்கு மட்டும் அனுமதி. புத்தகத்தை ஒரு பஞ்சு மெத்தையில் கிடத்திக் கொண்டுவந்த நூலகர் அம்மா, கையைக் காட்டச் சொன்னார். கட்டை விரல் கருகரு என்றிருந்தது. விளக்கெண்ணெய் மை சோப்புக்கு அசையுமா? இரண்டு முறை கழுவியும் ரேகையில் ஒட்டிக்கொண்டு நின்றது. நூற்றைம்பது வருடத்துத் தாளில் அந்த விரல் பட்டால் என்னாகும்! திருப்பி அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"மோள் வாயிச்சோளூ, ஞான் மறிச்சு தராம்" என்றார். நீ படி, பக்கத்தை நான் திருப்புகிறேன் என்று.

அப்படியே திருப்பினார், ஒன்றரை மணி நேரம். ஓரம் பொடிந்த தாளை அவர் எடுக்கும் பக்குவத்தைப் பார்த்தபோது, நானாகப் புரட்டியிருந்தால் இரண்டைக் கிழித்திருப்பேன் என்று தோன்றியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு ஓடும் என் திட்டமும் அவர் எதிரில் நடக்கவில்லை. புத்தகத்திலோ குழந்தையின் அழுகையை வகை பிரித்து வைத்திருந்தார்கள். பசிக்கு ஒன்று, வயிற்று வலிக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. படிக்கப் படிக்க எல்லாமே வெளியே கேட்பது போல இருந்தது. ஆனாலும் பென்சில் நிற்கவில்லை. ஒரு பக்கமும் குறையாமல் நூல் முழுதாக இருந்தது. என் ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயத்துக்குக் காணும்.

ரவிக்கை நனைந்ததும் எழுந்து ஓடினேன். மாமரத்தடியில் கணவர் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரண்டு பாலாடை குடிச்சுட்டா. உன்னையத் தேடவே இல்ல" என்றார் பெருமையாக.

நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

போகிறவர்களுக்கு: ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள், அடையாள அட்டை கட்டாயம். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அறை பூட்டியிருக்கும். படம் எடுக்கத் தனி அனுமதி வேண்டும். கேன்டீனில் சாப்பாடு அறுபது ரூபாய், மீன் வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கைக்குழந்தை இருந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், குழந்தை குடிக்காது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

திரும்பும் ரயிலில் பேராசிரியைக்குப் போன் செய்து, மறுபடி சேர்கிறேன் என்றேன். மகள் விழித்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்தேன், அவசரமே இல்லாமல் குடித்தாள்.