சர்வர் டவுன் என்றான் அண்ணன்

வெள்ளைத் திரை, அதன் நடுவில் 'இந்தத் தளத்தை அணுக முடியவில்லை' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அண்ணியை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு ஹாலில், ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, காலையிலிருந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அரசு வேலைக்கான தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாடியறையில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் காபிக்கு இறங்கி வந்தபோது, திரையைக்கூடப் பார்க்காமல், "சர்வர் டவுனா இருக்கும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

போன வருடமும் கடைசி நாளன்று இதையேதான் சொன்னான். அண்ணியும் நம்பி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சமைக்கப் போனார். பத்து வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட ஒரு பட்டதாரி, விடியற்காலையில் எழுந்து அடுப்படி மேடையில் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்ததெல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் வீணாய்ப் போயிற்று.

இந்த முறை நம்பவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். ரயில் டிக்கெட் பக்கம் திறந்தது, சமையல் வீடியோ ஓடியது. இது மட்டும் வரவில்லை. போனில் முயன்றார், அதிலும் வரவில்லை. சட்டென்று ஏதோ தோன்றி, போனில் வீட்டு வைஃபையை நிறுத்திவிட்டு மறுபடி தட்டினார். பளிச்சென்று திறந்துகொண்டது.

"சைட்டுக்கு ஒண்ணும் ஆகல. நம்ம வீட்டுக்குள்ளதான் ஏதோ தடுக்குது" என்றார்.

"அப்போ போன்லயே போட்டுடுங்க அண்ணி" என்றேன்.

"போடலாம். ஆனா போன வருஷம் என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

இன்டர்நெட் இணைப்பு கொடுத்தவருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் ஏதோ கம்பத்தின் மேலிருந்து கத்தினார்: "அக்கா, லைனு சூப்பரா கீதுக்கா! அந்த ஒரு சைட்டு மட்டும் வரலன்னா உங்க வூட்டு பாக்ஸுல யாரோ பிளாக் பண்ணி வெச்சிருப்பாங்க. நான் சொல்றத அப்படியே டைப் பண்ணு, இன்னா வருதுன்னு பாரு."

வைஃபை பெட்டியின் செட்டிங்ஸ் பக்கம் திறந்தது. தடுக்கப்பட்ட தளங்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. தேர்வுத் தளத்தின் பெயர்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அண்ணன் வீட்டை விட்டால் வேறு இடமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தில் அவன் எதையோ தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தும், கேட்காமல் நகர்ந்து போனவள் நான். "அண்ணன்தான்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

அண்ணி அழவில்லை. மாடிப்படியடியில் நின்று, "கொஞ்சம் கீழ வாங்க" என்று கூப்பிட்டார். இறங்கி வந்தவன் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"தூரமா எங்கயாவது போஸ்டிங் போட்டுடுவாங்க. அப்புறம் இந்த வீடு என்ன ஆகறது?"

"அதை என்கிட்ட கேட்டிருக்கணும். சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. இப்படித் திருட்டுத்தனமா பூட்டு போடுவீங்களா? நீங்க போட்டது, நீங்களே எடுங்க."

அவன் உட்கார்ந்து எடுத்தான். பிறகு அந்த நாற்காலியில் அண்ணி உட்கார்ந்தார். போகத் திரும்பியவனை, "நில்லுங்க" என்றார். நின்றான். பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாவற்றையும் நிதானமாக நிரப்பினார். தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் பணியாற்றச் சம்மதமா என்ற கேள்வி வந்ததும் அதை மட்டும் வாய்விட்டுப் படித்தார். அண்ணனை நேராகப் பார்த்துவிட்டு 'ஆம்' என்பதை அழுத்தினார்.

அந்தத் தேர்வில் அவர் தேறவில்லை. முடிவு வந்த அன்று அண்ணன் முகத்தில் தெரிந்த நிம்மதியை அவரும் கவனித்தார். மறுநாள் காலை அடுப்படி மேடையில் புத்தகம் திறந்தே இருந்தது. அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பித்தார், எழுதினார், தேறினார். விழுப்புரம் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

அவர் கிளம்பிய காலை, பெருங்களத்தூர் பஸ் நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கிவந்தது அண்ணன்தான். பஸ் வந்து நின்ற பிறகு, "வாராவாரம் வந்துடுவல்ல?" என்று கேட்டான்.

அண்ணி படியில் ஏறி நின்று திரும்பினார். "ஏன், நீங்க வரக் கூடாதா? பஸ் ரெண்டு பக்கமும்தானே ஓடுது."

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் அங்கே நின்று தெற்கே போகும் பஸ்ஸுக்குக் கை காட்டுவது அண்ணன்தான்.